அக்கா வரக் கூடாது

கோச்சடையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து உண்டு. நிமிர்ந்து நிற்க முடியாது, குத்தவைத்து உட்காரலாம். அரிசி மூட்டையும், அப்பத்தாவின் பழைய உரலும், மழைக்கு மட்டும் வெளியே வரும் குடையும் அங்கேதான் கிடக்கும். 2002-ல் பள்ளிக்கூடம் திறந்த கையோடு தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். மூட்டையை அம்மா நகர்த்திக் கொடுத்தாள். உரலை யாராலும் அசைக்க முடியவில்லை. அதனால் அதுவே அவனுக்கு மேசை. சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் ‘ஆவ்யகம்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘அக்கா வரக் கூடாது’ என்றும் எழுதி வைத்தான். முதல் வார்த்தையில் எழுத்து இடம் மாறிக் கிடந்தது. இரண்டாவது வரியில் ஒரு பிழையும் இல்லை.

எல்லாம் டெக்ஸ்டர் செய்த வேலை.

கார்ட்டூன் நெட்வொர்க் 1995-ல் இந்தியாவுக்கு வந்தபோது பகலில்தான் கார்ட்டூன். ராத்திரியானால் அதே எண்ணில் டி.என்.டி. என்று பழைய இங்கிலீஷ் படம் ஓடும். நாங்கள் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த சமயத்தில் பொழுதுக்கும் கார்ட்டூன் என்று ஆகியிருந்தது, தமிழும் பேச ஆரம்பித்திருந்தது. அந்தத் தமிழ் ஒரு தனி இனம். வாய் அசைவுக்கு அளவெடுத்துத் தைத்த தமிழ். மதுரையிலும் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், மெட்ராஸிலும் பேச மாட்டார்கள். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு மணிக்குப் புத்தகப் பையை இறக்கியதும், “அங்கிட்டுப் போகாதடா” என்பதை விட்டுவிட்டு “அந்தப் பக்கம் செல்லாதே” என்று ஒருவனை ஒருவன் அதட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்பத்தா, “யாருடா இவிய்ங்க, ஐயர் வீட்டுப் பிள்ளைகளா?” என்று கேட்டாள்.

டெக்ஸ்டர் ஒரு குட்டைப் பயல். சிவந்த முடி, தடித்த கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கையுறை. படுக்கையறைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெரிய ஆய்வகம் வைத்திருப்பான். வீட்டில் அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அக்கா டீ டீ. ஒடிசலாக, உயரமாக, ரெட்டைக் குடுமி போட்டு, ரோஸ் நிறப் பாவாடையில் ஆடிக்கொண்டே உள்ளே வருவாள். எந்தப் பூட்டும் அவளுக்குப் பூட்டு இல்லை. கண்ணில் படும் பட்டனை அழுத்துவாள், எல்லாம் வெடிக்கும். கதை அவ்வளவுதான், ஒவ்வொரு நாளும் அதே கதைதான்.

எனக்கு அப்போது பதினொன்று, அவனுக்கு எட்டு. நான் வயதுக்கு மீறிய உயரம். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை கட்டாயம். இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? தெருவில் எல்லாப் பயல்களும் என்னை ‘டீடீ அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தம்பி மட்டும் கூப்பிடவில்லை. அவனுக்கு அது கேலிப் பெயராகப் படவில்லை. அது உண்மை நிலவரம்.

ஆய்வகத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அத்தனை தடவை திருட்டுத்தனமாக உள்ளே போயிருக்கிறேன். செத்துப்போன டார்ச் செல் ஒன்பது, வரிசையாக. டேப்ரெக்கார்டரிலிருந்து பிடுங்கிய சின்ன மோட்டார், அதன் முனையில் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி மாட்டிய விசிறி. சைக்கிள் டைனமோ. அப்பா வேலை பார்த்த ஃபென்னர் கம்பெனி எங்கள் ஊரில்தான், மேலக்கால் ரோட்டில். பெல்ட் செய்கிற கம்பெனி. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையில் ரப்பர் வாடை வரும். அதனால் தம்பியின் எந்த இயந்திரத்திலும் ஒரு பெல்ட் கண்டிப்பாக இருக்கும். அம்மாவின் கொண்டை ரப்பர் பேண்டுதான் அந்த பெல்ட்.

ஆனால் ஆய்வகத்தின் சொத்து என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த கறுப்பு மணல்.

வைகை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் இருக்கிற ஆறாக நான் அதைப் பார்த்த நாட்கள் குறைவு. 2003 இன்னும் மோசம். ஆற்றுக்குள் மாநகராட்சி கிணறு போட்டு உறிஞ்சுகிற தண்ணீர் போக மிச்சம் மணல்தான், கருவேலம்தான், நாலு பிட்ச் கிரிக்கெட்தான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, நூல் கட்டி, தம்பி அந்த மணலில் நாய்க்குட்டியைக் கூட்டிப் போகிற மாதிரி இழுத்துக்கொண்டு நடப்பான். பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று குனிவான். பைக்கு வெளியே முள்ளு முள்ளாகக் கறுப்புத் தூள் அப்பியிருக்கும். மணலோடு மணலாகக் கிடக்கிற இரும்புச் சத்துள்ள துகள். பாட்டில் வாயில் பையைப் பிடித்து, உள்ளே இருக்கிற காந்தத்தை மட்டும் வெளியே உருவுவான். அத்தனை தூளும் ஒரே நேரத்தில் பொலபொலவென்று உதிரும். பைக்குள் காந்தத்தைப் போட வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காந்தத்தில் நேரடியாக ஒட்டிய தூளைச் சுரண்டிச் சுரண்டி விரல் நகம் புண்ணான பிறகு அவனாகக் கண்டுபிடித்தது. நூறு எட்டு நடந்தால் ஒரு சிட்டிகை கிடைக்கும். பாட்டிலில் லேபிள் ஒட்டி ‘வைகை இரும்பு’ என்று எழுதியிருந்தான்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு மலேசியாவிலிருந்து அத்தையும் அத்தானும் வந்தார்கள். அத்தை கிள்ளானில் வாக்கப்பட்டவள். அத்தானுக்கு இருபது வயது இருக்கும். தொளதொள கால்சட்டை, தலையில் பின்பக்கம் திருப்பிப் போட்ட தொப்பி, இடுப்பில் டிஸ்க்மேன். முத்தையா சாமி கோயிலுக்குக் கூட்டிப் போனபோது, அந்தப் பெரிய குதிரைகளுக்குக் கீழே நின்று அத்தான் தொப்பியைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்தது நினைவிருக்கிறது. அப்பத்தா தொப்பியைத் தானே எக்கிப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வந்த பெட்டியில் தைலம் இருந்தது, மைலோ இருந்தது, பிஸ்கட் டின் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஒரு சிடி. கம்ப்யூட்டரில் எரித்த சிடி. மேலே மார்க்கர் பேனாவில் ‘டெக்ஸ்டர்’ என்று எழுதியிருந்தது. தம்பிக்கு டெக்ஸ்டர் பைத்தியம் என்று அம்மா போனில் சொன்னதைக் கேட்டு, அத்தான் மெனக்கெட்டுக் கொண்டுவந்தது.

அடுத்த பத்தாவது நிமிஷம் தெருவுக்கே சேதி போய்விட்டது. எங்கள் வீட்டில்தான் விசிடி பிளேயர் இருந்தது. டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி அப்பா வாங்கியது, பாட்டுப் பாட ஒரு மைக்கும் இலவசம். சாயங்காலம் கூடத்தில் பதினைந்து பிள்ளைகள். பெரியவர்கள் நாற்காலியில். அப்பத்தா சுவரில் சாய்ந்து காலை நீட்டி. தம்பி சிடியைச் சட்டையில் துடைத்து, டிரேயில் வைத்து, பட்டனை அழுத்தினான்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஓரத்தில் ‘ட்ராக் 1’ என்று பச்சை எழுத்து. ஸ்பீக்கரிலிருந்து திடும் திடுமென்று அடி விழுந்தது. பிறகு ஒருவர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

“படம் எங்கடா?”

“வரும். எழுத்துப் போடுறாய்ங்க.”

பிள்ளைகள் அசையாமல் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்து ‘ட்ராக் 2’ என்று மாறியபோது எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவதில் ஒருவன் எழுந்து போனான். நாலாவதில் கூடமே காலி. அத்தான் வாசலில் நின்று, “பாட்டுலா, இது பாட்டு சிடிலா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்; யாரும் காதில் வாங்கவில்லை. தம்பியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பத்தா மட்டும் கடைசி வரைக்கும் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: “யாரைப் போட்டு இந்த வைவு வையிறாய்ங்க?”

எனக்கு ராப் என்ற சொல்லுக்கு முதலில் கிடைத்த விளக்கம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எழுதியதைப் படித்துவிட்டேன். அப்பத்தாவின் விளக்கத்தில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அத்தான் எங்களைச் சமாதானப்படுத்தினார். மொட்டை மாடியில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தட்டினார். “பேசுறதுதான்லா. ஆனா தாளத்துல பேசணும். நீங்க டெய்லி கேக்குறதுதான்” என்றார். நாங்கள் முழித்தோம். அவர் மினி பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கையைக் கம்பியில் பிடிப்பதாகப் பாவனை செய்துகொண்டு, காளவாசல் காளவாசல் என்று தொடங்கி, பெரியார், ஆரப்பாளையம், ஏறு ஏறு, உள்ளே போ உள்ளே போ என்று அடிக்கு அடி பிசகாமல் சட்டியில் தட்டிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவன் பங்குக்கு வைகைப் பாலத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் ஸ்டாப்பிங் சொன்னான். நான் கடைச் சரக்குப் பட்டியலைச் சொன்னேன்: உளுந்து ஒரு கிலோ, துவரை அரைக் கிலோ. உளுந்து சரியாக உட்கார்ந்தது, பெருங்காயம் தாளத்துக்குள் அடங்கவில்லை.

அத்தான்தான் பொயட்டிக் அம்மோ என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். மலேசியாவில் ராப் பாடுகிறவர்கள், அதில் யோகி பி என்று ஒரு தமிழர், தமிழிலேயே பாடக்கூடியவர் என்றார். தமிழில் இதைப் பாடலாம் என்பதை அத்தான் பெருமையாகச் சொன்னார். எங்களுக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. தமிழில்தானே எல்லோரும் பாடுவார்கள் என்று நினைத்தோம்.

அந்த சிடி என்னவென்று வெகு காலம் கழித்துத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி: த ஹிப் ஹாப் எக்ஸ்பெரிமெண்ட்’. 2002 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் வந்தது. ஆறே பாட்டு, ஒரு சாயங்கால கார்ட்டூன் நேரத்துக்குள் முடிந்துவிடும். பேரைப் பார்த்ததும் ஏதோ சேனல்காரர்கள் விளம்பரத்துக்குப் போட்ட குப்பை என்று நினைக்கத் தோன்றும். அதில் பாதி உண்மை. கூலியோ பாடிய முதல் பாட்டு எனக்கு இன்றைக்கும் சோப்பு விளம்பரம் மாதிரிதான் கேட்கிறது. 1995-ல் ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ பாடி உலகத்தையே உலுக்கிய மனிதர், இதில் டெக்ஸ்டர் யார் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் மற்ற பெயர்களைப் பாருங்கள். எ ட்ரைப் கால்ட் க்வெஸ்டின் ஃபைஃப் டாக். டி லா சோல். ப்ரின்ஸ் பால். வில்.ஐ.ஆம். ஹிப் ஹாப் தெரிந்தவர்கள் இந்த வரிசையைக் கேட்டால் எழுந்து உட்காருவார்கள். எங்கள் கூடத்திலோ பதினைந்து பேர் எழுந்து போனார்கள்.

ப்ரின்ஸ் பாலை இதற்குக் கூப்பிட்டது எவர் யோசனையோ, நல்ல யோசனை. 1989-ல் டி லா சோலின் முதல் தொகுப்பைச் செய்து கொடுத்தவர் அவர். பழைய இசைத்தட்டுகளிலிருந்து இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று வெட்டி எடுத்து ஒட்டியே முழுத் தொகுப்பையும் செய்தார்கள். அதில் ‘மேஜிக் நம்பர்’ என்று ஒரு பாட்டு. அதன் பல்லவி எங்கிருந்து வந்தது என்றால், 1973-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்குக் கணக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ கார்ட்டூனிலிருந்து. ஆக கார்ட்டூனும் ராப்பும் சம்பந்தி ஆனது டெக்ஸ்டர் காலத்தில் இல்லை, அதற்கு முன்பே. இப்படி வெட்டி ஒட்டிய துண்டுகளுக்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்குவது என்ற சிக்கலில் மாட்டி, அந்தத் தொகுப்பு 2023 மார்ச் வரைக்கும் இணைய இசைத் தளங்களில் கிடைக்காமலே கிடந்தது. கிடைப்பதற்கு மூன்று வாரம் முன்னால், டி லா சோலின் மூன்று பேரில் ஒருவரான டேவ் இறந்துபோனார். ஃபைஃப் 2016-லேயே போய்விட்டார், கூலியோ 2022-ல். என் சிடியில் பேசிக்கொண்டே இருந்தவர்கள்.

செத்த டேப்ரெக்கார்டரிலிருந்து மோட்டார், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பயலைத் தினமும் பார்த்தவள் நான். ப்ரின்ஸ் பால் செய்த வேலையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேடியபோது இன்னொன்றும் கிடைத்தது, அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். டெக்ஸ்டரைப் படைத்த கெண்டி டார்டகோவ்ஸ்கி, மாஸ்கோவில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா போனவர், ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது முதலில் வரைந்தது டெக்ஸ்டரை இல்லை. ஆடுகிற ஒரு நெட்டைப் பெண்ணை. டீ டீயை. அவளுக்கு எல்லா விதத்திலும் நேர்மாறாக ஒருவன் வேண்டும் என்றுதான் அந்தக் குட்டைப் பயல் பிறந்தான். அக்கா முன்னே, ஆய்வகம் பின்னே.

இதோடு விட்டேனா? ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வார்கள். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொது அறை. கூல் ஹெர்க் என்ற பதினெட்டு வயதுப் பையன் இசைத்தட்டுகளைச் சுழற்றினான். பாடகர் வாயை மூடி, தோலும் கம்பியும் மட்டும் ஓடுகிற அந்தச் சில விநாடிகளுக்குத்தான் ஆடுகிறவர்களுக்கு வேகம் வருகிறது என்று கவனித்து, அந்த இடத்தையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டு போகிற வித்தையை வளர்த்தவன் அவன். எல்லாப் புத்தகத்திலும் அவன் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த விருந்தை வைத்தது யார்? அவன் தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று அறையை வாடகைக்குப் பிடித்து, அழைப்பு எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று வாசலில் வசூல் போட்டவள். அவள் கதவைத் திறந்துவிடாமல் இருந்திருந்தால் ஹெர்க் தன் அறைக்குள்ளேயே சுழற்றிக்கொண்டு இருந்திருப்பான். இதை ஒரு தடவை தம்பியிடம் போனில் சொன்னேன். “அவ பட்டனை அமுக்கலைல்ல?” என்றான்.

பட்டனை அமுக்கிய கதைக்கு வருகிறேன்.

2004 பொங்கல். எங்கள் தெருவில் கோலப் போட்டி. நான் மாடு போடுவதென்று முடிவு செய்திருந்தேன்; வாசலை அடைத்து ஒரு கறுப்புக் காளை. எல்லாக் கலரும் கடையில் கிடைக்கும், கறுப்பு மட்டும் சரியாக வராது. கரித்தூளைப் போட்டால் சாம்பலாக வெளிறும். ராத்திரி பத்து மணிக்கு, முக்கால்வாசி போட்டு முடித்து, மாட்டின் உடம்புக்கு என்ன செய்வதென்று நின்றபோது, கால் தானாக மாடிப்படிப் பக்கம் போனது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். உரல் மேல் பாட்டில் இருந்தது. தூக்கினால் அம்மாடி, என்ன கனம். கொஞ்சம் எடுத்தால் தெரியாது என்றுதான் திறந்தேன். கண்ணுக்குப் போட்டேன், மினுமினு என்று இருந்தது. கொம்புக்குப் போட்டேன். திமிலுக்குப் போட்டேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் மாடு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியபோதுதான் காலி என்று தெரிந்தது.

முதல் பரிசு எனக்குத்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பி தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து, பாலிதீன் பைக்குள் போட்ட காந்தத்தை மாட்டின் மேல் இழுத்துக்கொண்டிருந்தான். கறுப்பு ஒட்டியது. கூடவே வெள்ளை, ரோஸ், மஞ்சள் எல்லாம் வந்தது. அவன் ஊதினான். மறுபடியும் இழுத்தான், மறுபடியும் ஊதினான். பொங்கல் வேடிக்கை பார்க்க வந்த ஒரு சைக்கிள், மாட்டின் வயிற்றில் ஏறிப் போனது. அவன் நிமிரவே இல்லை. நான் போகவில்லை. ஜன்னல் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு வாடை இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அழவும் இல்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். நான் பள்ளிக்கூடம் விட்டு வாசற்படி ஏறுகிற சத்தம் கேட்டதும், விசிடி பிளேயரில் அந்த சிடியைப் போடுவான். ஐந்தாவது பாட்டு. அத்தான் எரித்துக் கொடுத்ததில் ஐந்தாவதாக இருந்தது டி லா சோலின் ‘சிப்ளிங் ரைவல்ரி’. இது அக்கா தம்பி சண்டைப் பாட்டு என்று அத்தான் ஒரு தடவை சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் எங்கள் இருவருக்கும் புரியாது. கறுப்புத் திரையில் ‘ட்ராக் 5’. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாட்டு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பொந்துக்குள் போய்விடுவான். இப்படி எத்தனை நாள் ஓடியது என்று நினைவில்லை. தை முடிந்து மாசி பிறந்தது தெரியும். அப்பத்தா, “ஏண்டா, இந்தப் பயலுக வஞ்சு முடிச்சாய்ங்களா இல்லையா?” என்பாள். “இன்னும் இல்ல” என்பான்.

கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அர்த்தம் இல்லாமல், ஒலி மட்டும். எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே இருவர் சேர்ந்து முடிக்கிறார்கள் என்பது உள்பட. ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூடச் சேர்ந்து சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். பெருங்காயம் அடங்காத நாக்கு, ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்தது நன்றாகத் தெரிந்தது. டிபன் பாக்ஸை உரல் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால் அதற்குள் ஸ்க்ரூ இருந்தது, ரகம் பிரித்து.

2006-ல் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ தொகுப்பைப் போட்டார்கள். அதில் ‘மடை திறந்து’, 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை எடுத்து ராப் ஆக்கியது. ஷேர் ஆட்டோ ஷேர் ஆட்டோவாக அது ஓடியபோது, தம்பியும் நானும் மட்டும் ஏதோ எங்கள் வீட்டுச் சொத்தைத் தெருவில் பார்த்த மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவன் ஆன பிறகு அவன் கண்டுபிடித்துச் சொன்னது அதைவிடப் பெரிய விஷயம். டெக்ஸ்டர் சிடியில் ஒரு பாட்டுப் பாடிய வில்.ஐ.ஆம், தன் பிளாக் ஐட் பீஸ் குழுவோடு 2003-ல் ‘எலிஃபங்க்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அதன் தலைப்புப் பாட்டில் இருப்பது இளையராஜாவின் துண்டு. 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, ரஜினியின் நூறாவது படம், அதில் வரும் பாட்டு. பண்ணைப்புரத்துக்காரரின் இசைத்தட்டு எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததோ. “காந்தத்தை மணல்ல இழுத்துக்கிட்டே போனா எதாச்சும் ஒட்டத்தானே செய்யும்” என்றான்.

என் கல்யாணம் 2014 வைகாசி. ஊரெங்கும் ‘கோச்சடையான்’ போஸ்டர் ஒட்டியிருந்த நேரம். மே 23-ல் படம் வந்திருந்தது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் கோச்சடையன் ரணதீரன் பெயரைத்தான் எங்கள் ஊர் சுமக்கிறது என்று சொல்லுவார்கள். ரஜினிக்கு உடம்பெல்லாம் கருவி மாட்டி அசைவைப் பதிவு செய்து, அதைக் கணினியில் பொம்மையாக்கி எடுத்த படம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும், “உங்க ஊரைப் பத்தியே கார்ட்டூன் எடுத்துட்டாய்ங்களே” என்று கேலி பேசினார்கள். தம்பி அதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் வேறு வேலையில் இருந்தான்.

ராத்திரி வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி, தம்பியின் லேப்டாப்பிலிருந்து எங்கள் போட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நானும் அவரும் மண்டப வாசலில் நுழைந்தோம். போட்டோ நின்றது. திரை கறுப்பானது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கரில் திடும் திடுமென்று அடி விழுந்து, இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். மைக் செட் அண்ணன் பதறிப்போய், “தம்பி, பாட்டு ஆரம்பிக்கவே மாட்டேங்குது, பேசிக்கிட்டே இருக்காய்ங்க” என்று ஓடி வந்தார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டுச் சேலையும் மாலையுமாக, என் உதடு தானாக அசைந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை குனிந்து, “என்ன சொல்ற?” என்று கேட்டார்.

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பத்தா. எண்பதைத் தாண்டிவிட்டாள், கண் பாதிதான் தெரியும். நெற்றிக்கு மேல் கையைக் குடை பிடித்து, அந்தக் கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டா, இன்னைக்கும் படம் வரலையா?”